ஒரே மண்கலவை, ஒரே அளவு தண்ணீர்: மூன்று தொட்டிச் செடிகளில் மூன்று விதமான பாதிப்பு

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நல்ல வெயில் படும் இடத்தில் செம்பருத்தி, ரோஜா, தக்காளி ஆகிய மூன்றையும் தொட்டிகளில் வளர்த்து வருகிறேன். மூன்றுக்கும் ஒரே மண்கலவைதான். மாலை வேளையில் செடி முழுவதும் நனையும்படி ஒரே அளவு தண்ணீர் தெளிக்கிறேன். இப்போது செம்பருத்தியின் இளந்தளிர்கள் வெளிர் மஞ்சளாக வருகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. ரோஜாவின் கீழ் இலைகளில் விளிம்பு பிசிறிய கரும்புள்ளிகள் தோன்றி, அவற்றைச் சுற்றி மஞ்சள் படர்ந்து, இலைகள் உதிர்ந்துவிடுகின்றன. தக்காளிக் காய்களில் காம்புக்கு எதிர்ப்புறம் கறுத்து, தோல்போல் காய்ந்து, உள்வாங்கிக் கிடக்கிறது. மூன்றுக்கும் எப்சம் உப்பு கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் கூறினார். அவ்வாறு கொடுக்கலாமா?

பதில் 1

வணக்கம். எப்சம் உப்பை இப்போது கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் செடிக்குள் இடம்பெயரக்கூடிய சத்து என்பதால், பற்றாக்குறை ஏற்படும்போது செடி அதை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துத் தளிர்களுக்கு அனுப்புகிறது. ஆகவே மஞ்சள் நிறம் முதலில் அடி இலைகளில்தான் தெரியும். தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைபாடும் அப்படியே. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) அவ்வாறு எளிதில் நகர்வதில்லை. அவற்றின் குறை இளம் பகுதிகளில் வெளிப்படும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் உரம் வாங்குவது வீண் செலவு. உங்கள் செம்பருத்தியில் தளிர்தான் வெளுக்கிறது என்பதால் அது மெக்னீசியக் குறையாகத் தோன்றவில்லை.

தக்காளிக்கோ எப்சம் உப்பு கேடாகவே முடியலாம். காயின் அடி கறுப்பது கிருமியால் வருவதன்று. வளரும் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. வேர்கள் அதை உறிஞ்சும்போது மெக்னீசியம் போட்டியாக நிற்கும். மேலும், சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்தே செடிக்குள் மேலேறுகிறது. இலைகள் நிறைய நீரை ஆவியாக்குவதால் பெரும்பங்கு அவற்றுக்கே போகிறது. மிகக் குறைவாக ஆவியாக்கும் காய்க்குக் கடைசியில்தான் கிடைக்கிறது. மண் ஒரு வேளை காய்ந்து வெடித்தும் மறுவேளை சேறாகியும் மாறி மாறி இருந்தால் அந்தச் சிறு பங்கும் தடைபடும். எனவே மண்ணில் சுண்ணாம்பு போதுமான அளவு இருக்கும்போதே இந்தப் பாதிப்பு வருவதுண்டு. முட்டை ஓட்டுத் தூள் மிக மெதுவாகத்தான் கரையும் என்பதால் இப்போதுள்ள காய்களுக்கு அது உதவாது. இலைமேல் கால்சியம் தெளித்தாலும் அது இலையை விட்டுக் காய்க்கு இறங்குவதில்லை.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் குறையத் தொடங்கியதும், அடித்துளை வழியே நீர் வெளியேறும் வரை நிதானமாக ஊற்றுங்கள். காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுங்கள். தொட்டி சிறியதாக இருந்தால் இந்தச் சீரான ஈரத்தைக் காப்பாற்றுவது கடினம். வளர்ந்த தக்காளிச் செடி ஒன்றுக்கு 20 லிட்டர் அளவுள்ள தொட்டியாவது வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரத்தைச் சில காலம் நிறுத்திவையுங்கள். பாதிக்கப்பட்ட காய் தேறாது, அதைப் பறித்துவிடலாம்.

பதில் 2

ரோஜாவைப் பற்றி மட்டும் கூறுகிறேன். நீங்கள் விவரித்தது கரும்புள்ளி நோயேதான். இது பூஞ்சையால் வருவது. இலை தொடர்ந்து ஏறக்குறைய 7 மணி நேரம் ஈரமாக இருந்தால் இதன் வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைந்துவிடும். மாலையில் இலைகளை நனைத்தால் அந்த ஈரம் இரவு முழுவதும் தங்கும் என்பதால் நோய்க்கு வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. காலையில், வேர்ப்பகுதிக்கு மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளையும் தொட்டியில் உதிர்ந்து கிடப்பவற்றையும் ஒன்று விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம். நெருங்கி உரசும் கிளைகளைக் கவாத்து செய்தால் காற்று உள்ளே புகுந்து இலைகள் விரைவில் உலரும். பூஞ்சைக்கொல்லி புதிய இலைகளைக் காக்குமே தவிர, ஏற்கெனவே விழுந்த புள்ளியை மறைக்காது. நனையும் கந்தகத் தூளைத் தெளிப்பதாக இருந்தால் கடும் வெயிலில் தெளிக்காதீர்கள், இலை கருகிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. செம்பருத்தித் தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெண்மையான படிவு காணப்படுகிறது. நான் ஊற்றுவது உப்புச் சுவையுள்ள கிணற்று நீர். இதற்கும் தளிர் வெளுப்பதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில் 3

பெரும்பாலும் இருக்கும். கடின நீரில் உள்ள பைகார்பனேட் உப்புகள் நாளடைவில் தொட்டி மண்ணைக் காரத்தன்மைக்கு மாற்றிவிடுகின்றன. கார மண்ணில் இரும்பு இருந்தாலும் அது கரையாத வடிவில் முடங்கிவிடுவதால் வேர்களால் எடுக்க இயலாது. அந்த இரும்புக் குறையால் தளிர் வெளுக்கும். செம்பருத்திக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண், அதாவது கார அமில நிலை (pH) 6 முதல் 6.8 வரை இருப்பது உகந்தது.

ஆனால் அதற்கு முன் வடிகால் துளையைப் பாருங்கள். துளை அடைபட்டு நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. அப்போதும் தளிர் இதே போல் வெளுக்கும். அந்த நிலையில் எந்த உரமும் பயன் தராது. துளை சரியாக இருந்தால், மழைநீரைச் சேமித்து, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி, படிந்த உப்புகளை அடிவழியே வெளியேற்றுங்கள். பிறகு இரும்புக் கீலேட் (இரும்பு முடங்காமல் வேருக்குக் கிடைக்கும்படி பிணைத்து வைத்த உரம்) கொடுக்கலாம். வாங்கும்போது பொட்டலத்தில் உள்ள பெயரைக் கவனியுங்கள்: ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் விரைவில் செயலிழந்துவிடும், ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான் அங்கே நிலைத்து நிற்கும். துருப்பிடித்த ஆணியைப் புதைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. துருவும் கரையாத இரும்புதான் என்பதால் இத்தகைய மண்ணில் அதனால் பலன் இல்லை.

ஏற்கெனவே வெளுத்த இலைகள் முழுமையாகப் பச்சையாகாமல் போகலாம். அடுத்து விரியும் தளிர்கள் என்ன நிறத்தில் வருகின்றன என்பதைப் பார்த்தே மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு செய்யுங்கள். செம்பருத்தி புதுத் தளிர்க்கிளைகளில்தான் பூக்கும் என்பதால், தளிர் பச்சையாகத் திரும்பிய பின் கிளை நுனிகளை இலேசாகக் கவாத்து செய்யலாம். செடி நலிந்திருக்கும் இப்போது செய்ய வேண்டாம்.