'பட்டிக்காடு', 'வில்லேஜ்', 'காட்டான்': உங்களை யார், எப்போது அப்படிச் சொன்னார்கள்?

அறந்தாங்கிக்காரன்:
சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அறையில் உட்கார்ந்து அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர், "ஏன்டா வில்லேஜ் மாதிரி கத்துற?" என்றார். எங்கள் ஊரில் நாலு வயல் தாண்டி நிற்கிறவரைக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் மீறிக் குரல் போய்ச் சேர வேண்டும். அந்தக் குரல்தான் எனக்கும் வந்திருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அன்றைக்கே தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அம்மா கூப்பிட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

இன்னும் நிறையக் கேட்டிருக்கிறேன். 'சுத்த நாட்டுப்புறம்', 'கன்ட்ரி', 'பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி'. சொல்கிறவர்களின் பூர்வீகத்தை விசாரித்தால் பாதிப் பேருக்குத் தாத்தா ஊர் ஏதோ ஒரு பட்டியாகத்தான் இருக்கும். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒருவனுக்கு ஒன்று தெரியவில்லை என்பதற்காக யாரும் இந்தச் சொற்களை எடுப்பதில்லை. அவன் கூச்சமில்லாமல் இருக்கிறானே, அதுதான் உறுத்துகிறது. சத்தமாகச் சிரித்தால், நன்றாகப் பிசைந்து சாப்பிட்டால், முன்பின் தெரியாதவரிடம் "சாப்டீங்களா" என்று கேட்டால் உடனே வந்து விழும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஓசூர் தம்பி:
பெங்களூரில் இதே கதை கன்னடத்தில் நடக்குது அண்ணா. 'ஹள்ளி குக்கு'ன்னு சொல்லுவாங்க. ஹள்ளின்னா கிராமம். எங்க டீமில் ஹாசன் பக்கத்துப் பையன் ஒருத்தன், வேலையில் கெட்டி. மீட்டிங்ல அவன் வாய் திறந்தாலே பின்னாடியிருந்து இந்தப் பேர் வரும். ஆபீஸ் இருந்தது மாரத்தஹள்ளியில! பொம்மனஹள்ளி, தாசரஹள்ளின்னு அந்த ஊரே ஹள்ளிகளை விழுங்கி வளர்ந்ததுதானே. தெலுங்குக்காரங்க 'பல்லெட்டூரி பைத்து'ங்கறாங்க, இந்தியில 'கவார்'. அந்தப் பையன் கடைசியில் மீட்டிங்ல பேசறதையே நிறுத்திட்டான். எனக்கு அது இன்னும் ஆறலை.

மலைநாட்டுப் பெண்:
நான் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள்மேல் விழுகிற சொல் 'தோட்டக்காட்டான்'. பெண் என்றால் 'தோட்டக்காட்டாள்'. சொல்கிறவரும் தமிழில்தான் சொல்லுவார், அதுதான் கூடுதலாகச் சுடும்.

பல்கலைக்கழக விடுதியில் நான் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தபோது, அறைத்தோழி ஒருத்தி மற்றவளிடம், "தோட்டக்காடு எங்க போனாலும் தோட்டக்காடுதான்" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். அன்று இரவு முழுக்க அம்மாவின் கைதான் கண்ணில் நின்றது. கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை. அந்தக் கை சம்பாதித்த காசில்தான் நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன்.

இதை வெறும் வாய்த்துடுக்கு என்று விட்டுவிட என்னால் முடியாது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948இலேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இவர்களுக்கு நாடே இல்லை என்று சட்டம் சொன்ன பிறகு, 'காட்டான்' என்று சொல்லப் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தயக்கம் இருக்கும்? என் பெரியம்மா குடும்பம் அந்தக் கணக்கில் கோத்தகிரிக்குப் போனது. 'தாய்நாடு' என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரங்க'.

2023இல், எங்கள் ஆட்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூரும் 'மலையகம் 200' நடைப்பயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தது. எங்கள் முன்னோர் கப்பலில் வந்திறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்த பாதை அது. நானும் கொஞ்ச தூரம் கூட நடந்தேன். வழியில் தண்ணீர் கொடுத்த ஒரு ஐயா, "எந்தத் தோட்டம் பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இளக்காரம் துளிகூட இல்லை. தோட்டத்தின் பெயரை நான் சத்தமாகச் சொன்னேன்.

கடலூர் மாவட்டம்:
எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்கள 'பட்டிக்காட்டான்'னு சொல்றவன், ஒங்களுக்குன்னு ஒரு ஊரு இருக்குன்னு ஒத்துக்கிறான். எங்களுக்கு அதுவும் கெடையாது. ஊரு தனி, சேரி தனி. பேர மாத்தி 'காலனி'ன்னாங்க, கொஞ்ச நாள்ல அதுவும் திட்டு வார்த்தையா ஆயிடுச்சு.

சின்ன வயசுல பஸ்ஸுல வருவோம். ஊர் ஸ்டாப்புக்கு கண்டக்டர் ஊர் பேரச் சொல்லுவாரு. அடுத்த ஸ்டாப் எங்களோடது, "காலனியெல்லாம் எறங்கு"ம்பாரு. எறங்குறது மனுசங்க. பள்ளிக்கூடத்துல பசங்களுக்குள்ள சண்ட வந்தா மொதல்ல வர்றது 'சேரிப் புத்தி'. இப்ப டிவியிலயும் போன்லயும் படிச்சவங்களே 'சேரி பாஷை'ன்னு சாதாரணமாச் சொல்றாங்க. தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராசராசன் வெட்டி வச்ச கல்வெட்டுல, வரி இல்லாத நெலத்தையெல்லாம் எழுதுற எடத்துல 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி'ன்னு வருது. ஆயிரம் வருசமா அந்தப் பிரிவு அப்படியே கெடக்கு. 'கிராமத்தான்'னு சொன்னா வலிக்குதுன்னு நீங்க எழுதுறீங்க, உண்மதான், வலிக்கும். அதே கிராமத்துக்குள்ள இந்த வலி எந்தத் தெருவுல ஆரம்பிக்குதுன்னும் சேத்து எழுதணும்.

2025 ஏப்ரல்ல முதலமைச்சர் சட்டமன்றத்துல, காலனிங்கிற சொல்லு வசைச்சொல்லா மாறிடுச்சு, அரசு ஆவணத்துலேர்ந்தும் பொதுப் புழக்கத்துலேர்ந்தும் நீக்கப்போறோம்னு அறிவிச்சாரு. எங்கப்பா அந்தச் செய்திய என்னய ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு. எங்க தெரு முனையில போர்டு இன்னும் மாறல.

அறந்தாங்கிக்காரன்:
கடலூர் அண்ணே, நீங்கள் எழுதியதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். எங்கள் ஊருக்கும் இதே மாதிரி இரண்டு நிறுத்தம் உண்டு. ஒன்றுக்குப் பெயர் இருக்கிறது, இன்னொன்றுக்கு 'காலனி'தான். பலகையை மாற்றக் கிராம சபையில் தீர்மானம் வைக்கலாம். என்ன பெயர் என்பதை அங்கே குடியிருக்கிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அவர்களிடம் பேசத் தொடங்கிவிட்டேன். இப்படி மனு எழுதிக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் நகலை இங்கே போடுங்கள். அக்டோபர் 2 கிராம சபைக்கு எடுத்துப் போகிறோம்.