சேர்வராயன் மலையில் வழி தவறிய ஆறு பேர்: நாவலுக்குத் தகவல் தேவை

கேள்வி: முன்பின் தெரியாத ஆறு பேர் டிசம்பரில் ஏற்காட்டுப் பக்கக் காட்டில் நாலு நாள் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் லைட்டர், ஒரு லிட்டர் பாத்திரம். பசியால் சண்டை மூளுவதாக எழுதலாமா?

பதில்: பசி வேண்டாங்க. நல்ல உடம்புக்காரர் நாலு நாள் பட்டினியில் சாகமாட்டார். குளிரை வையுங்க. நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் 10, 12 டிகிரியே போதும். நடுங்குகிறவரைவிட, நடுக்கம் நின்று பேச்சு குழறுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். காய்ந்த ஸ்வெட்டர் ஒன்றே ஒன்று என்றால் சண்டை தானாக வரும். படுக்கச் சருகை முழ உயரத்துக்குப் பரப்பணும். வெறுந்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

தண்ணீரும் பாருங்க. ஆளுக்கு 2 லிட்டர் என்றால் தினம் 12 தடவை காய்ச்சணும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், ஆனால் ஒருத்தர் அடுப்பை விட்டு நகரமுடியாது. தரையில் கிடக்கும் விறகு ஊறிப்போயிருக்கும். மரத்திலேயே காய்ந்த கிளையை ஒடித்து, பிளந்து, உள்பக்கத்தைச் சீவணும்.

மற்றொரு பதில்: ஓடையோடு இறங்கவிடாதீங்க, கிளியூர் அருவி மாதிரி செங்குத்துப் பாறையில் போய் நிற்பார்கள். இன்னொன்று, சில்வர் ஓக் வரிசை தெரிந்தால் பக்கத்தில் காப்பித் தோட்டம், ஆள் நடமாட்டம். நாலு நாள் ரொம்ப அதிகம் சார். மூடுபனியோடு ஒருத்தருக்குக் கால் முறிந்தால் இரண்டு நாள் நம்பலாம்.