2,000 கிலோ தகடு போட்ட டிரெய்லர், 1,500 கிலோ இழுக்கும் கார்: லைசென்ஸ் போதுமா? எவ்வளவு ஏற்றலாம்?

தேர்ப்பணி:
வணக்கம். கோயில் தேர்த்திருவிழா அன்னதானத்துக்கு லண்டனிலிருந்து எம்1 மோட்டார்வே வழியாக ஏறக்குறைய 100 மைல் சாமான் கொண்டுபோக வேண்டும். பிரேக் உள்ள இரட்டை அச்சு டிரெய்லர் வாடகைக்குக் கிடைக்கிறது. தகட்டில் அதிகபட்ச எடை 2,000 கிலோ, வெற்று எடை 420 கிலோ.

என் காரின் கதவுத் தூணில் உள்ள தகட்டில் நான்கு எண்கள்: 2,130, 3,630, 1,080, 1,130. பிரிட்டிஷ் கார் தேர்வில் 2009இல் தேறினேன். காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால் தனித் தேர்வு எழுத வேண்டும் என்கிறார்கள். என் கணக்கில் 4,130 வருகிறது. ஓட்டலாமா?

ஏற்ற நினைப்பவை: அரிசி, பருப்பு 400 கிலோ; அண்டாக்கள், அடுப்புகள் 250; மடக்கு மேசை 12 (ஒன்று 15 கிலோ); 47 கிலோ காஸ் சிலிண்டர் 2; 25 லிட்டர் தண்ணீர்க் கேன் 10.

அச்சாணி:
லைசென்ஸ் போதும். உங்களிடம் சொன்னவர்கள் பழைய விதியைச் சொல்கிறார்கள். 1997 ஜனவரி 1க்குப் பிறகு தேறியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்தது உண்மை: 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர் என்றால் இரண்டும் சேர்ந்து 3,500ஐத் தாண்டக் கூடாது. 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் அது நீங்கிவிட்டது. சாதாரணக் கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை தகடு போட்ட டிரெய்லரை இழுக்கலாம். வட அயர்லாந்துக்கு இந்த மாற்றம் வரவில்லை, அங்கே பழைய விதிதான்.

லைசென்ஸ் அட்டையின் பின்புறம் 'பிஇ' (காரோடு பெரிய டிரெய்லர் இழுக்கும் உரிமை) வரி இல்லையே என்று பதற வேண்டாம். அடுத்த முறை புது அட்டை வரும்போது லைசென்ஸ் வழங்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ தானாகச் சேர்த்துவிடும்.

இனித்தான் முக்கியமான இடம். லைசென்ஸ் பார்ப்பது தகட்டில் எழுதியிருக்கும் எடையை. கார் பார்ப்பது அன்றைக்கு உண்மையில் ஏறியிருக்கும் எடையை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் அளவுக்கு மீறி ஏற்றுகிறார்கள்.

உங்கள் தகட்டின் முதல் எண் 2,130: ஆள், சாமானோடு கார் மட்டும் இருக்கக்கூடிய உச்சம். இரண்டாவது 3,630: காரும் டிரெய்லரும் சேர்ந்து சாலையில் இருக்கக்கூடிய உச்சம். மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சு, பின் அச்சு வரம்புகள். 3,630இலிருந்து 2,130ஐக் கழித்தால் 1,500. வி5சி பதிவுப் புத்தகத்தில் 'ஓ.1' என்ற இடத்திலும் பாருங்கள், பிரேக் உள்ள டிரெய்லருக்கான வரம்பு அங்கே இருக்கும். இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டில் இரண்டாவது எண்ணே இல்லாத கார்களும் உண்டு. அவற்றில் டிரெய்லரே மாட்டக் கூடாது.

ஆக டிரெய்லர் 2,000 கிலோ தாங்கும், உங்கள் கார் 1,500தான் இழுக்கும். 1,500இல் 420 போனால் 1,080 கிலோ ஏற்றலாம். கார் காலியாகப் போகிறது என்பதற்காக டிரெய்லரில் கூட்டிப் போட வேண்டாம், 1,500 அப்படியே நிற்கட்டும்.

உங்கள் பட்டியலைக் கூட்டினால் 1,174 வருகிறது, அதுவே அதிகம். அதிலும் காஸ் கணக்கு தப்பு. 47 என்பது உள்ளே இருக்கும் காஸின் எடை மட்டும். இரும்பையும் சேர்த்தால் ஒரு சிலிண்டர் கிட்டத்தட்ட 100 கிலோ. உண்மைக் கூட்டல் 1,280ஐத் தொடும். தண்ணீரை விட்டுவிடுங்கள், 250 கிலோ குறையும், போகிற இடத்தில் குழாய் இருக்கும். காஸையும் கடைக்காரரை நேரே அங்கே இறக்கச் சொல்லுங்கள். சாமான் 830, வெற்று டிரெய்லர் 420, மொத்தம் 1,250. கட்டும் பட்டை, தார்ப்பாய் எடைக்கு இடம் இருக்கும்.

நாலுசில்லு:
தம்பி, பாரம் எவ்வளவு எண்டதோட அது எங்க இருக்கு எண்டதையும் பாருங்கோ. அரிசி மூட்டையைக் கடைசியா ஏற்றினா அது பின்கதவு ஓரத்தில போய் நிக்கும். அப்ப கொக்கியில பாரம் இல்லாமல் போகும். 50 மைல் வேகத்தில டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடத் தொடங்குறது இதாலதான்.

கொக்கியில கீழ்நோக்கி அழுத்துற பாரம், டிரெய்லரின்ர உண்மை எடையில 5 முதல் 7 வீதம் இருக்க வேணும். 1,250 எண்டால் 63 இலிருந்து 88 கிலோ. ஆனால் காரின்ர கொக்கிக்கும், அதில மாட்டுற டிரெய்லர் முனையான கப்ளிங்குக்கும் தனித்தனி வரம்பு எழுதியிருக்கும், குறைஞ்சதைத் தாண்டக் கூடாது. இந்தப் பாரம் காரின்ர பின் அச்சிலயும் ஏறும், அதையும் கணக்கில எடுங்கோ.

அளக்கிறது சுகம். சமதரையில சில்லுகளுக்குக் கட்டை வையுங்கோ. குளியலறைத் தராசு ஒண்டு, அதுக்கு மேல ஒரு மரக்கட்டை. கொக்கியில மாட்டும்போது எந்த உயரத்தில நிக்குமோ அதே உயரத்தில கப்ளிங் கட்டையில இருக்க வேணும். டிரெய்லர் முனையைத் தாங்குற சின்ன முன்சில்லை நல்லா மேல தூக்கிவிட்டு வாசியுங்கோ.

கூடக் குறைய இருந்தா மாத்துறதுக்கு ஒரு கணக்கு: அச்சின்ர நடுவில இருந்து கப்ளிங் வரை 3 மீட்டர் எண்டால், 100 கிலோவை 1 மீட்டர் முன்னுக்குத் தள்ள கொக்கியில 33 கிலோ கூடும். மூட்டைகளை அச்சுக்கு மேலயும் சற்று முன்னுக்கும் அடுக்குங்கோ. மேசைகள் பின்னுக்குப் போகட்டும். அண்டா பெரிசு எண்டாலும் பாரம் குறைவு, அது மேல வரலாம்.

சின்னக்கார்:
இதே இடத்தில் என் கேள்வியும். பிரேக் இல்லாத சின்ன டிரெய்லர், தகட்டில் 750. வெற்று எடை 150. என் கார் வெறுமையாக 1,250 கிலோ. 600 கிலோ ஏற்றலாம்தானே?

அச்சாணி:
கூடாது. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ, அல்லது காரின் வெறும் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. உங்களுக்கு 625. வெற்று எடை போக 475தான் சாமான். வி5சியில் 'ஓ.2' அதைவிடக் குறைவாகக் காட்டினால் அதுவே வரம்பு.

தேர்ப்பணி:
நன்றி அண்ணா. என் அப்பா 1994இல் தேறியவர், வயது 71. அவர் ஓட்டினால் ஏதும் சிக்கலா?

அச்சாணி:
1997க்கு முன் தேறியவர்களுக்குக் காரும் டிரெய்லரும் சேர்ந்து 8,250 கிலோ வரை உரிமை உண்டு. 70 வயதில் புதுப்பிக்கும்போது மருத்துவப் படிவம் கொடுக்காதவர்களுக்கு 3,500க்கு மேற்பட்ட வண்டி ஓட்டும் பகுதி போய்விடும். உங்கள் கார் அந்த அளவுக்குள் இருப்பதால் இந்தப் பயணத்துக்குப் பாதிப்பில்லை. காப்பீட்டில் அவர் பெயரும், டிரெய்லர் இழுக்க அனுமதியும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலுசில்லு:
வாடகை வண்டியை வாங்கும்போதே இவற்றைப் பாருங்கோ. ரயர் பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும்: 2319 எண்டால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. தடம் ஆழமா இருந்தாலும் பக்கவாட்டில வெடிப்பு இருந்தா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. டிரெய்லர் கழண்டால் பிரேக்கை இழுத்துப் பிடிக்கிற மெல்லிய கம்பி, கொக்கிப் பந்தில சும்மா தொங்கக் கூடாது. கொக்கியைத் தாங்குற டோ பாரில அதுக்கெண்டு இருக்கிற வளையத்தில மாட்ட வேணும். திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வும், நிலத்தில உரசாத அளவுக்கு இறுக்கமும் வேணும்.

விளக்குகளுக்கான மின் இணைப்பு காரில 13 பின், டிரெய்லரில 7 பின் எண்டால் இடைமாற்றி வாங்கலாம். சிக்னல் போடேக்க பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலா மினுங்கினா பல்பை மாத்தி நேரத்தை வீணாக்காதையுங்கோ. பிழை எர்த்தில: 7 பின்னில 3ஆம் பின், வெள்ளை வயர். காரின்ர பதிவெண் பலகை டிரெய்லருக்குப் பின்னுக்கும் வேணும். டிரெய்லர் காரைவிட அகலம் எண்டால் நீட்டுக் கண்ணாடி போடுங்கோ. அது இல்லாட்டி 1,000 பவுண் வரை தண்டமும் லைசென்ஸில 3 தண்டப் புள்ளியும் வரலாம்.

அச்சாணி:
வேகம்: மோட்டார்வேயிலும் நடுவே பிரிப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் 60 மைல், பிரிப்பில்லாத ஒற்றைச் சாலையில் 50. எம்1இல் மூன்று தடமோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களில் வலது கோடித் தடத்துக்குப் போகவே கூடாது. ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் வேண்டாம். நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

புறப்படும் முன் பொது எடைமேடைக்குப் போய்விடுங்கள். முதலில் இரண்டையும் சேர்த்து நிறுத்துங்கள். பிறகு கொக்கியைக் கழற்றாமலேயே, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி முன்னே நகருங்கள். அந்த எண்ணோடு கொக்கிப் பாரத்தைக் கூட்டினால் டிரெய்லரின் எடை. காரின் பின் அச்சையும் தனியாகப் பாருங்கள்.

தேர்ப்பணி:
எடைபோட்டாயிற்று. மொத்தம் 3,110. டிரெய்லர் சக்கரங்கள் 1,235, கொக்கியில் 75, ஆக 1,310. பின் அச்சு 1,010. கொக்கி வரம்பு இரண்டிலும் 75தான். கணக்கைவிட 60 கிலோ கூடியது ஏன்?

அச்சாணி:
ஏற்றுப்பலகை, உபரிச் சக்கரம், தார்ப்பாய், பட்டைகள். தகட்டின் வெற்று எடையில் இவை பெரும்பாலும் இருக்காது. எல்லாமே வரம்புக்குள் இருக்கிறது, புறப்படலாம்.

நாலுசில்லு:
திரும்பி வரேக்க கொக்கிப் பாரத்தை இன்னொருக்கால் அளவுங்கோ. முன்னுக்கு இருந்த 400 கிலோ அரிசியும் பருப்பும் முடிஞ்சிருக்கும், பின்னுக்கு மேசைகள் அப்படியே நிக்கும். அடுப்புகளை முன்னுக்கு மாத்திக் கட்டிப்போட்டு வெளிக்கிடுங்கோ.