வெளிநாட்டில் இருந்துகொண்டு நம்ம தொகுதி வேட்பாளரோட நிலவரத்தைச் சரியா கணிக்கிறது எப்படி?

மஸ்கட்_குடியாத்தம்:
எல்லாருக்கும் வணக்கம். வேலை ஓமன்ல, ஊர் குடியாத்தம் பக்கம். முதல் தடவையா நிக்கிற ஒரு வேட்பாளரை மனசார ஆதரிக்கிறேன். கட்சிப் பேரு வேணாம், பேச்சு திசை மாறிடும். பேரணாம்பட்டுல கூட்டம் அலைமோதுற வீடியோ தினமும் வாட்ஸ்அப்புல வருது. அது ஓட்டா மாறுமான்னு இங்கிருந்து எப்படித் தெரிஞ்சுக்கிறது? நேர்ல வந்து ஓட்டுப் போடவும் ஆசை. அதுக்கு வழி என்ன?

பாலாறு:
கூட்ட வீடியோவை நம்பாதீங்க. நாலு ஒன்றியத்து ஆளுங்களை வேன்ல ஏத்திட்டு வந்து ஒரே தெருவுல இறக்கினா யாருக்கும் கூட்டம் சேரும்.

உங்களுக்கு வேண்டியது படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டுன்னு காட்டுற பட்டியல் அது. தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியோட தளத்துல போன தேர்தலுக்கான பி.டி.எப். இருக்கும். வெளிநாட்டு இணைப்புல அந்தத் தளம் சில சமயம் திறக்காது. ஊர்ல யாரையாவது இறக்கி அனுப்பச் சொல்லுங்க. வி.பி.என். போடாதீங்க, வளைகுடாவுல சட்டச் சிக்கல் ஆகும்.

படிவத்துல சாவடி எண் மட்டும்தான் இருக்கும், ஊர்ப் பேரு இருக்காது. அதனால அதே தேர்தலோட வாக்குச்சாவடிப் பட்டியலையும் எடுத்து, ரெண்டையும் ஒரே எக்செல்ல சேருங்க. எல்லாரும் சறுக்குற இடம் இதுதான்: பழைய எண்ணை இப்போதைய எண்ணோட அப்படியே பொருத்திடுவாங்க. சாவடிகளைப் பிரிச்சதுல எண்ணெல்லாம் நகர்ந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பேரு, தெருப் பேரு வச்சுத்தான் பொருத்தணும்.

அப்புறம் முதல் ரெண்டு இடத்துக்கும் 50 ஓட்டுக்குள்ள வித்தியாசம் இருந்த சாவடிகளைத் தனியா பிரிச்செடுங்க. அந்த ஊருங்கள்ல உங்க வேட்பாளர் எத்தனை தடவை நடந்தார், பூத் ஏஜென்ட்டா உட்கார உள்ளூர் ஆள் கிடைச்சாச்சா, பூத் சிலிப்போட வீடு வீடா போறது யாருன்னு விசாரிங்க. ஒரு வேட்பாளர் உண்மையிலயே மேல வர்றாரான்னு அங்கதான் தெரியும். 2021-ல காட்பாடி தொகுதி வெறும் 746 ஓட்டுல முடிஞ்சது. சாவடிக்கு மூணு ஓட்டுகூட இல்ல.

கோட்டைவாசல்:
பாலாறு சொன்னதோடு பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேட்புமனுவோடு தரும் படிவம் 26, தேர்தல் ஆணையத் தளத்தில் மனு போட்ட ஓரிரு நாளில் ஏறிவிடும். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் உண்டு. பலர் கவனிக்காத ஒரு வரியும் உண்டு: வேட்பாளரின் சமூக ஊடகக் கணக்குகளை அதிலேயே எழுதித் தரவேண்டும். அந்தக் கணக்குகளை மட்டும் பின்தொடருங்கள். ரசிகர்கள் நடத்தும் பக்கங்களில் வரும் ‘கருத்துக்கணிப்பு’ அட்டையைப் பகிராதீர்கள்.

துண்டறிக்கை படம் வந்தால் கீழ் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர் இல்லாமல் தேர்தல் நோட்டீஸ் அடிப்பது சட்டப்படி குற்றம். அந்த வரி இல்லையென்றால் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

பண உதவியில் மிகுந்த கவனம் தேவை. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பை இந்திய வங்கிக் கணக்கு வழியாகக் கொடுக்கலாம். அயல்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் பணத்தை வேட்பாளர் தொடவே கூடாது. அறைத்தோழர்கள் பத்துப் பேரிடம் வசூலித்து ஒருவர் பெயரில் அனுப்பும் வேலையும் வேண்டாம். அனுமதியில்லாத வசூல் ஓமனிலும் குற்றம், இங்கே கணக்குக் கேட்டால் உங்கள் வேட்பாளருக்கும் தலைவலி.

ஓடுகத்தூரான்:
எண்ணிக்கை நாளுக்கு நான் ஒண்ணு சொல்றேன். காலைல 8 மணிக்கு, உங்களுக்கு 6.30, தபால் ஓட்டு தொடங்கும். அரை மணி கழிச்சு மெஷின். பெரும்பாலும் தொகுதிக்கு 14 மேசை, சாவடி எண் வரிசைப்படியே போகும். முதல் சுத்துல 1 முதல் 14, அடுத்து 15 முதல் 28. 280 சாவடின்னா 20 சுத்து. எந்தச் சுத்துல பேரணாம்பட்டு வரும், எதுல குடியாத்தம் டவுன் வரும்னு முந்தின நாளே குறிச்சு வச்சுக்கோங்க. முதல் அஞ்சு சுத்துல பின்னாடி இருந்தாலும், அது ஏற்கெனவே பலவீனமான ஊர்தானான்னு உடனே தெரிஞ்சிடும்.

2019 ஆகஸ்ட்ல நடந்த வேலூர் நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கோங்க. குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு ஒரு பக்கம் சாய்ஞ்சது. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் மறுபக்கம் இழுத்துச்சு. கடைசி வித்தியாசம் 8,141. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தவங்களுக்கு யார் வருவாங்கன்னே பிடிபடல.

டிவி எண்ணும் ஆணையத் தள எண்ணும் ஒத்துப்போகலன்னா பதறாதீங்க. டிவிக்கு ஏஜென்ட் சொல்றது முதல்ல வரும், தளத்துல அதிகாரி கையெழுத்துப் போட்ட சுத்துதான் ஏறும்.

மஸ்கட்_குடியாத்தம்:
ரொம்ப நன்றி. ஓட்டு பத்தி யாரும் சொல்லலையே? சாதாரணப் பட்டியல்ல என் பேரு இன்னும் இருக்கு.

கோட்டைவாசல்:
வெளிநாட்டில் வசிப்பவருக்கு படிவம் 6ஏ. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரி எந்தத் தொகுதியோ அங்கேதான் பெயர் சேரும். குடியாத்தம் வட்டத்துக் கிராமங்கள் சில கே.வி.குப்பம் தொகுதியில் வரும், முதலில் அதைச் சரிபாருங்கள். புகைப்படம், பாஸ்போர்ட் பக்கங்கள், செல்லுபடியாகும் விசா பக்கம் ஆகியவற்றின் நகல்களைச் சுயசான்றொப்பத்துடன் இணைக்க வேண்டும். சாவடி நிலை அலுவலர் ஊர் வீட்டில் வந்து விசாரிப்பார், வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும், அதற்குப் பல வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. பழைய வாக்காளர் அட்டையை ஒப்படைத்து, பழைய பதிவை நீக்கச் சொல்லிவிட வேண்டும். சாவடியில் அசல் பாஸ்போர்ட் காட்டினால்தான் விரலில் மை. நகலோ, போனில் உள்ள படமோ செல்லாது.