4 வாரத்திலேயே பழ ஈக்கள் சாகின்றன, எங்கே தவறு?

குளுகோர் மாணவி:
வணக்கம். பினாங்கில் முதுகலை படிக்கிறேன். பழ ஈயின் குடலில் பி.ஜி.ஆர்.பி-எஸ்.சி2 புரதத்தைக் கூட்டினால் ஆயுள் கூடும் என்று 2014-இல் வந்த ஆய்வை நானே செய்து பார்க்கிறேன். ஜீன்ஸ்விட்ச் முறைதான், மருந்து கொடுத்தால் மட்டும் மரபணு இயங்கும்: ஒரே வகைப் பெண் ஈக்கள், பாதிக்கு உணவில் ஆர்.யூ486 என்ற அந்த மருந்து, மீதிக்கு (கன்ட்ரோல், அதாவது ஒப்பீட்டுக் குழு) மருந்தைக் கரைக்கும் எத்தனால் மட்டும். குப்பிக்கு 20 ஈ. 25-ஆம் நாளில் இரண்டு பக்கமும் பாதி போய்விட்டது. மரபணு வேலை செய்யவில்லை, விட்டுவிடு என்கிறார் மேற்பார்வையாளர். 7 மாத உழைப்பு, மனசு கேட்கவில்லை.

ஈ வளர்க்கும் அக்கா, கோலாலம்பூர்:
விடாதீங்க தங்கச்சி. முதல்ல கன்ட்ரோலைப் பாருங்க. 25 டிகிரியில நல்லா வளர்ந்த ஈ பாதி சாகவே ஏறக்குறைய 2 மாசம் ஆகும். உங்க கன்ட்ரோலே 25 நாள்ல போச்சுன்னா புரதத்து மேல பழி போட இடமே இல்லை.

அந்தப் புரதம் செய்யற வேலையை நினைச்சுப் பாருங்க. குடல் பாக்டீரியா உதிர்க்கற பெப்டிடோகிளைக்கானை, அதாவது அதோட செல் சுவர்ப் பொருளை, வெட்டிப் போடும். அதனால ஐ.எம்.டிங்கற நோயெதிர்ப்புப் பாதை தேவையில்லாம தூண்டப்படாது, அது முடுக்கிவிடற ரெலிஷ் புரதமும் அடங்கியிருக்கும். வயசாக ஆக இந்தப் புரதம் குறையுது. அழற்சி நிக்காம ஓடுது, பாக்டீரியா சமநிலை கெடுது, குடல் தண்டுச் செல்கள் கட்டுமீறிப் பெருகுது. இதெல்லாம் முதுமையில வர்ற சேதம். குடல் கிழடாகறதுக்கு முன்னாடியே ஈ வேற எதுலயோ செத்தா, புரதம் எதைத்தான் காப்பாத்தும்?

ராத்திரி அறை எத்தனை டிகிரி? குப்பி எத்தனை நாளுக்கு ஒருக்கா மாத்தறீங்க? இனப்பெருக்கப் புட்டியில புழு குறைஞ்சிருக்கா?

குளுகோர் மாணவி:
இன்குபேட்டர் இல்லை அக்கா, ஏர்கோன் அறைதான். குப்பி 3 நாளுக்கு ஒருமுறை. புழு... ஆமாம், போன மாதத்திலிருந்து ரொம்பக் குறைவு! உணவு கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஈ வளர்க்கும் அக்கா, கோலாலம்பூர்:
30 டிகிரிக்குப் பக்கத்துல வளர்ந்தா ஆண் ஈ மலடாயிடும். புழு குறைஞ்சதும் ஈ சீக்கிரம் சாகறதும் அந்தச் சூட்டாலயா இருக்கலாம். உச்சம், தாழ்வு ரெண்டும் காட்டற வெப்பமானி ஒண்ணை வெள்ளிக்கிழமை வெச்சுட்டுப் போங்க.

பட்டர்வொர்த் தம்பி:
உணவையும் பாருங்கக்கா. நம்ம ஊர் ஈரத்துல குப்பிச் சுவர் வேர்த்து, ஈ ஒட்டிக்கிட்டுச் சாகும். ஊத்தினதும் மூடாதீங்க, ஆறவிட்டு மெல்லிய துணி போட்டு ஒரு ராத்திரி காயட்டும்.

குளுகோர் மாணவி:
திங்கள்கிழமை பார்த்தேன். உச்சம் 31.5! வாரக்கடைசியில் கட்டிடத்தின் ஏர்கோனை அணைத்துவிடுகிறார்களாம், யாரும் சொல்லவே இல்லை. பக்கத்து ஆய்வகத்தில் இன்குபேட்டரில் ஒரு தட்டு இடம் கெஞ்சி வாங்கிவிட்டேன்.

ஈ வளர்க்கும் அக்கா, கோலாலம்பூர்:
அருமை. பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு புது ஈயோட தொடங்குங்க. 30-ஆம் நாள்லேருந்து கொஞ்சம் ஈக்கு 2.5 சதவீத நீலச் சாயம் கலந்த உணவு கொடுங்க. குடல் சுவர் ஓட்டையான ஈ உடம்பு முழுக்க நீலமாயிடும். சாவை எண்ணறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் வித்தியாசம் கண்ணுல தெரியும்.