மறு: ஏரியின் மேல்நீரும் அடிநீரும் கலப்பதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பருவநிலை மாற்றமும் ஏரிகளும் பற்றிய பாடத்தை மொழிபெயர்க்கும் கொருக்குப்பேட்டை ஆசிரியர் ‘டர்ன்ஓவர்’ என்பதற்குச் சொல் கேட்டார். ஏரிப்புரட்டு, நீர்ப்புரளல், கலங்கல், நீர்மறிவு, நீர்க்கலப்பு எல்லாம் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது.

புரட்டு என்றாலே பொய்யும் கூடவே வந்துவிடும். புரளல் பரவாயில்லை, ஆனால் ஏரி புரண்டது என்றால் நம் ஊர்க்காரர் கரைபுரண்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். சென்னையில் 2015 மழையைப் பார்த்தவர் மூட்டை கட்டவே தொடங்கிவிடுவார். கலங்கல் அழகான சொல்தான். ஆனால் நிரம்பிய ஏரியின் உபரி நீர் வழியும் இடத்துக்கு அது ஏற்கெனவே பெயர். வடசென்னையில் புழல் ஏரிக்கும் ரெட்டேரிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு அதற்கு வேறு பொருள் கொடுக்க எனக்குத் துணிவில்லை. மறிவு என்றதும் புலவர் ஐயாவுக்கு மறிதிரை, அதாவது மடங்கி விழும் அலை, நினைவுக்கு வருகிறது; எனக்கு எண்ணூர் சாலை மறியல். நீர்க்கலப்பு என்றால் பால்காரர்தான். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் வளர்ந்தவனுக்கு வேறு எது தோன்றும்?

சரி, சொல்லை விட்டு நடப்பதைப் பார்ப்போம். வெயில் ஏரியின் மேல்பக்கத்தைத்தான் சூடாக்குகிறது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலேயே தங்கும், குளிர்ந்த நீர் அடியில் கிடக்கும். காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் மேல்நீரோடு நின்றுவிட, அடியில் மட்கும் குப்பை இருக்கிற ஆக்சிஜனையும் தின்று தீர்க்கும். மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்கும்போதோ, பலத்த காற்று கிளறும்போதோதான் இரண்டும் ஒன்றாகும். அடிக்கு மூச்சு கிடைக்கும், மேலுக்கு உரம் கிடைக்கும்.

பருவநிலை மாற்றம் கைவைப்பது இந்த இடத்தில்தான். ஆசிரியரின் பாடத்தில் வரும் கேத்தரின் ஓ’ரைலியின் ஆய்வு ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரியைப் பற்றியது. சுமார் 1,470 மீட்டர் ஆழம். முழுதாக ஒருபோதும் கலக்காத ஏரி. காற்று கிளறி மேலே கொண்டுவரும் சத்தை நம்பிப் பாசி, பாசியை நம்பி மீன். மேல்நீர் சூடேறியது, காற்றும் தணிந்தது, கிளறல் குறைந்தது. அதனால் பாசி உற்பத்தி சுமார் 20 விழுக்காடு குறைந்திருக்கலாம், மீன்வளம் சுமார் 30 விழுக்காடு குறையலாம் என்று அவருடைய குழு 2003இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. அப்புறம் 2015இல் அவரும் பலரும் சேர்ந்து உலகெங்கும் 235 ஏரிகளின் கணக்கை வெளியிட்டார்கள். 1985 முதல் 2009 வரை, கோடையில் மேல்நீரின் சூடு பத்தாண்டுக்குச் சராசரியாக 0.34 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது.

> நம் ஏரிகள் ஆழமில்லாதவை. இந்தச் சொல் நமக்கு எதற்கு?

ஆழமில்லை என்பது உண்மை. புழல் நிரம்பினாலும் 21 அடிதான். இப்படிப்பட்ட வெப்பநாட்டு ஏரிகள் பெரும்பாலும் அடிக்கடி கலப்பவை. பகலில் அடுக்காகப் பிரிந்தது இரவில் ஒன்றாகிவிடும். ஆனால் ஒரு கணக்கையும் பாருங்கள். நீர் 4 டிகிரியிலிருந்து 5க்குப் போகும்போது அடர்த்தி குறைவதைப்போல சுமார் 30 மடங்கு, 24லிருந்து 25க்குப் போகும்போது குறைகிறது. வெதுவெதுப்பான ஏரியில் ஒரு டிகிரி வேறுபாடே அடுக்கைப் பூட்டப் போதும். காற்றில்லாத கோடை நாளில் விடியற்காலை ரெட்டேரிக் கரைக்குப் போனால் ஜிலேபி மீன்கள் வாயை நீர்மட்டத்தில் வைத்துக் கொப்பளிப்பதைப் பார்க்கலாம். இரவெல்லாம் பாசியும் சாக்கடையும் ஆக்சிஜனைத் தின்றிருக்கும். பழியை முழுக்க வெப்பத்தின் மேல் போட மாட்டேன், சாக்கடைக்குத்தான் பெரிய பங்கு. ஆகாயத்தாமரை மூடிய பக்கத்தில் காற்றுக்கும் வேலையில்லை.

என் முன்மொழிவு: அடிக்கலப்பு. மேல்தண்ணி, அடித்தண்ணி என்று பேசுகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மேல்நீர், இடைநீர், அடிநீர் என்று அடுக்குகளுக்கும் பெயர் அமைந்துவிடும். ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய லாபம், எப்படிக் கலக்கிறது என்பதை வைத்து ஏரிகளைப் பிரிக்கும் ‘மிக்டிக்’ சொற்களின் குடும்பம் முழுவதும் கையில் வருவது. ஆண்டுக்கு ஒரு முறை கலப்பது ஒருகலப்பு ஏரி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கலந்து இடையில் உறைவது இருகலப்பு ஏரி. புழல் மாதிரியானவை பல்கலப்பு ஏரி. தங்கனிக்கா குறைகலப்பு ஏரி. குறைகலப்பு வினைத்தொகை, நடுவில் ‘க்’ போடாதீர்கள். குளிர்நாடுகளில் பனிக்கட்டி பிடிக்காமல் போவதால் இருகலப்பு ஏரிகள் ஒருகலப்பாக மாறுகின்றன என்ற செய்தியை இப்போது ஒரே வரியில் எழுதலாம். புரளலை வைத்து எழுதிப் பார்த்தேன், நாக்குதான் புரண்டது.

> கைகலப்பு போல ஒலிக்கிறதே!

ஒலிக்கட்டுமே. வண்ணாரப்பேட்டைப் பையன்களுக்கு மறக்காது.

அடிநீர் என்பதை நிலத்தடி நீரோடு குழப்பிக்கொள்வார்கள் என்று தாம்பரத்து அம்மா சொன்னதில் நியாயம் உண்டு. பாடத்தில் முதல் இடத்தில் மட்டும் ‘ஏரியின் அடிநீர்’ என்று எழுதினால் போதும் என்பது என் எண்ணம்.

மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்; இல்லையென்றால் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மேல்நீருக்கும் அடிநீருக்கும் நடுவே சூடு சட்டென்று குறையும் அடுக்கான ‘தெர்மோகிளைன்’ வேறு இழையில். வெப்பச்சரிவா, சூட்டுவரம்பா என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம்.