கடவுள் நம்பிக்கை இல்லாதவன் ராணுவ அதிகாரி ஆகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்: ஒரு தந்தை, ஈரோடு

மகனுக்குப் பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் சாமி கும்பிடும் வழக்கம் இல்லை, அவன் தாத்தா கறுப்புச் சட்டைக்காரர். பக்கத்துத் தெரு மிலிட்டரிக்காரர் ஒருவர், "ஆபீசர் ஆனா கோயில்ல ஜவான்களுக்கு முன்னாடி நின்னு ஆரத்தி எடுக்கணும், மாட்டேன்னா வேலை போயிடும்" என்கிறார். கோர்ட் வரை போன ஒரு வழக்கைப் பற்றியும் படித்தேன். உள்ளே இருந்தவர்கள் சொன்னால் தேவலை. அபிப்பிராயம் நிறைய கேட்டுவிட்டேன், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர் மாவட்டம்

ஐயா, வாழ்த்துகள். நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேட் உண்டு. பேர்தான் பரேட். பூட்ஸ் கிடையாது, கத்தல் கிடையாது. எங்கள் சி.ஓ.க்களில் (பட்டாலியன் தலைமை அதிகாரிகள்) ஒருவர் சர்தார். பையன்கள் முருகன் பாட்டு பாடுவார்கள், அவர் தலைப்பாகையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாளம் போடுவார். ஒரு நாளும் தாளம் சேர்ந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு மலையாளிப் பையன்களோடு கேரல் பாடப் போவார், ரம்ஜானுக்கு முஸ்லிம் ஜவான்களோடு பந்தியில் உட்காருவார். அவர் மனதுக்குள் யாரைக் கும்பிட்டார் என்று நாங்கள் கேட்டதில்லை.

முக்கியமான விஷயம் பஜனை முடிந்த பிறகுதான் நடக்கும். பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் படியில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆபீஸில் ஒரு சிப்பாய் சி.ஓ.வைப் பார்க்க வேண்டுமென்றால் பிளாட்டூன், கம்பெனி, எஸ்.எம். சாப் (சுபேதார் மேஜர்) என்று ஏணி ஏற வேண்டும். படியில் அந்த ஏணி கிடையாது. தங்கச்சி கல்யாணம் நின்று போனதை ஒரு தென்காசிப் பையன் அங்கேதான் வாய் திறந்து சொன்னான். அதுவரை அவன் செக்‌ஷன் கமாண்டருக்கே தெரியாது. அவன் ராத்திரி சென்ட்ரி நிற்பவன், கையில் குண்டு போட்ட துப்பாக்கி. ஒரு கமாண்டருக்கு இதைவிடப் பெரிய தகவல் வேண்டுமா?

பூஜை செய்வது ஆபீசர் வேலை இல்லை. அதற்கு ஆர்.டி. சாப் இருக்கிறார், ரிலிஜியஸ் டீச்சர். பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் யாரானாலும் நாயப் சுபேதார் ரேங்கில் சேர்ந்து வருகிற ஜே.சி.ஓ.க்கள், அதாவது ஜவானுக்கும் ஆபீசருக்கும் நடுவில் இருப்பவர்கள். எங்களுக்கு வந்தவர் ராஜஸ்தான்காரர். சபரிமலைக்கு மாலை போட்ட பையன்களுக்காக சரண கோஷம் முழுக்கக் கற்றுக்கொண்டார், உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்போம்.

இன்னொன்று. கர்வாலுக்கு பத்ரி விஷால், டோக்ராவுக்கு ஜ்வாலா மாதா, கூர்க்காவுக்கு மா காளி என்று பல ரெஜிமென்டுகளின் போர்க்குரலில் சாமி பெயர் இருக்கும். நம்முடையது "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு". சாமியே இல்லை. உங்கள் மகனுக்கு இது பிடிக்கும்.

கூர்க்கா பட்டாலியனில் கம்பெனி கமாண்டராக இருந்தவர், பாளையங்கோட்டை

நான் சி.எஸ்.ஐ. குடும்பம். என் கம்பெனியில் கிறிஸ்தவன் நான் ஒருவன்தான்.

தசரா சமயத்தில் துர்கைக்குப் பலி கொடுப்பார்கள். குக்ரியால் (கூர்க்காக்களின் வளைந்த கத்தி) ஒரே வெட்டு, சரியாக விழாவிட்டால் அந்த வருஷம் பட்டாலியனுக்கு ஆகாது என்று நம்புவார்கள். வெட்டியவனுக்கு சி.ஓ. கையால் வெள்ளைத் தலைப்பாகை கட்டுவார்கள். முதல் வருஷம் ஊரில் ஐயரவர்களிடம் (எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) கேட்டேன். "பலியிட்டதைத் தின்னாதே, மற்றது உன் மனசாட்சி" என்றார். போய் நின்றேன். நெற்றியில் டீகா வைக்க வந்தபோது தலையைக் குனிந்தேன். வைத்தவர் என் கம்பெனியின் மூத்த சுபேதார், எனக்கு அப்பா வயது. அந்தக் கையைத் தட்டிவிட என்னால் முடியாது. கறி வந்தபோது வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் காரணம் தெரியும், சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறு வருஷம் யாரும் சொல்லாமலே எனக்கு மட்டும் பருப்பும் சாதமும் தனியாக வந்தது.

நீங்கள் படித்த வழக்கைப் பற்றி. டாங்கி ரெஜிமென்ட் ஒன்றில் 2017-இல் சேர்ந்த கிறிஸ்தவ அதிகாரி அவர். அவர் இருந்தது சீக்கியர் ஸ்குவாட்ரன் (டாங்கிப் படையில் கம்பெனி மாதிரி). ஜவான்களோடு கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் வருவேன், கருவறைக்குள் மட்டும் வர மாட்டேன் என்றார். 2021-இல் நீக்கினார்கள். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் நீக்கியது செல்லும் என்று சொல்லிவிட்டன. மத உரிமை பற்றிய கேள்வியே அல்ல, மேலதிகாரியின் சட்டப்படியான உத்தரவை மீறினாரா என்பதே கேள்வி என்று உயர் நீதிமன்றம் பார்த்தது. படையில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவே சொல்கிறது.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனாலும் என் மூத்த சுபேதார் போல ஒருவர் அந்த ஸ்குவாட்ரனில் இருந்திருந்தால் விஷயம் கோர்ட் வாசலை மிதித்திருக்காது என்றும் தோன்றுகிறது.

ஒன்று கவனியுங்கள். உங்கள் மகனுக்கு இது சுலபம். சாமியே இல்லை என்பவனுக்கு ஆரத்தித் தட்டு வெறும் தட்டு. ஒரே தேவன் என்று நம்புகிறவனுக்குத்தான் அது பாவம். நம்பிக்கை இல்லாத ஆபீசர்கள் சங்கடமில்லாமல் முன்வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் தொலைத்தவர்கள் எல்லாம் என்னைப் போன்ற பக்திமான்கள்தான்.

பீரங்கிப் படை ஹவில்தார், ஓய்வு, தேனி

சியாச்சினில் இருந்திருக்கிறேன். பேஸ் கேம்பில் ஓ.பி. பாபா கோயில் உண்டு. தனியாக ஒரு போஸ்ட்டைக் காத்து நின்று காணாமல் போன ஓம் பிரகாஷ் என்ற ஜவான் என்று கதை. மேலே போகும் குழு முதலில் பாபாவிடம் ரிப்போர்ட் கொடுக்கணும், இறங்கி வந்ததும் கொடுக்கணும். நிஜ ரிப்போர்ட், இத்தனை பேர் தயார் என்று.

எங்கள் கேப்டன் எதையும் நம்பாதவர், வெளிப்படையாகவே சொல்வார். ஆனால் பாபா முன்னால் அட்டென்ஷனில் நின்று அவர் கொடுத்த ரிப்போர்ட் மாதிரி பிரிகேடியருக்குக்கூடக் கொடுத்ததில்லை. அதற்கு முன்னால் ஒவ்வொருவன் கையுறை, கயிறு, பூட்ஸ் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். "பாபாகிட்ட பொய் ரிப்போர்ட் கொடுக்க முடியாது" என்பார். பனிப் பிளவில் விழுந்தால் ஒரு கயிறுதான் உயிர். பாபா இருக்கிறாரோ இல்லையோ, எங்களில் ஒருவன்கூடக் கையுறை இல்லாமல் ஏறவில்லை.

பெயர் வேண்டாம், கிளார்க்காக இருந்தவன்

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். நான் இருந்த ஒரு யூனிட்டில் சி.ஓ. பெரிய பக்திமான். செவ்வாய்க்கிழமை ஹனுமான் சாலிசாவுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று வாயால் யாரும் கேட்டதில்லை. ஆனால் லீவு, நல்ல கோர்ஸ் எல்லாம் யாருக்குப் போகிறது என்று டைப் அடிக்கிற எனக்குத் தெரியாதா? அதுவரை கோயில் பக்கம் போகாதவன்கூடக் குங்குமத்தோடு ஆபீஸுக்கு வர ஆரம்பித்தான். ஸ்டோரில் இருந்த முஸ்லிம் நாயக் ஒருவர், அருமையான ஆள், சர்வ தர்ம ஸ்தலில் (எல்லா மதத்துக்கும் பொதுவான வழிபாட்டு இடம்) அவர் தொழும் பக்கம் விளக்கு எரியாமல் கிடந்ததைச் சொல்லக்கூடத் தயங்கினார். அடுத்து வந்த சி.ஓ. முதல் வெள்ளிக்கிழமையே அங்கே போய் உட்கார்ந்தார். சாயங்காலமே எலெக்ட்ரீஷியன் வந்துவிட்டான்.

சுபேதார் ஐயா சொன்ன சர்தாரும் நான் சொன்ன முதல் சி.ஓ.வும் ஒரே மாதிரிதான் கோயிலில் உட்கார்ந்தார்கள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சரித்திர ஆசிரியை, வேலூர்

நான் ராணுவத்தில் இல்லை, என்றாலும் ஒரு வார்த்தை. வருஷா வருஷம் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போவேன். 1806 ஜூலை 10 அங்கே நடந்த சிப்பாய்க் கலகத்துக்கு உடனடிக் காரணம் ஒரு உடை உத்தரவு: நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. தளபதி கிராடக், கவர்னர் பெண்டிங் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. அதிகாரி சிப்பாயின் கோயிலில் வந்து உட்காருவதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு என்றே நினைக்கிறேன்.

கேட்டவர்: ஈரோடு

எல்லாருக்கும் நன்றி. மகனிடம் படித்துக் காட்டினேன், தனியாக வரும் பருப்பு சாதத்துக்கு ரொம்ப நேரம் சிரித்தான். இன்னொரு சந்தேகம். உறுதிமொழி எடுக்கும்போது கீதையின் மேல் கை வைக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற சுபேதார், வேலூர் மாவட்டம்

நாங்கள் சேர்ந்தபோது கசம் பரேடில் (உறுதிமொழி எடுக்கும் பரேட்) அவரவர் புத்தகம் வைத்திருந்தார்கள். ஆனால் வாசகத்தில் கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன் என்றும் சொல்லலாம், உளமார உறுதி கூறுகிறேன் என்றும் சொல்லலாம். நம்ம சட்டசபையில் பதவி ஏற்கிறார்களே, அதேதான். முன்கூட்டியே அங்கே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கூர்க்கா பட்டாலியனில் இருந்தவர், பாளையங்கோட்டை

எந்த ரெஜிமென்ட் என்பது பயிற்சி முடிகிற சமயத்தில் தெரியும். சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), ஏ.எஸ்.சி. (சப்ளை) மாதிரி எல்லாரும் கலந்த பிரிவு என்றால் இந்தக் கேள்வியே அதிகம் எழாது. கூர்க்காவோ சீக்கியர் பட்டாலியனோ கிடைத்தால் இங்கே எழுதுங்கள். முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது நேபாளியோ பஞ்சாபியோதான். நேபாளி என்றால் நான் போனிலேயே சொல்லித் தருகிறேன்.